சைக்கிளும் சைகையும்

ஊர்விட்டு ஊர் வந்து உத்தியோகம் பார்க்கும் நம்மைப் போன்றோருக்கு, நாவைவிட முன்னதாகத் துணைக்கு வருவது கை. நான் டில்லிக்கு வந்த புதிதில் ஹிந்தியில் பத்துச் சொற்கள்கூட அறியேன். மொழிபெயர்ப்பாளன் என்ற பதவிப் பெயரைச் சுமந்துகொண்டு, காய்கறி வண்டிக்காரரிடம் விரல்களை நீட்டியும் மடக்கியுமே வாணிபம் செய்து வந்தேன். ஒரு நாள் சுரைக்காயைக் காட்டி இரண்டு விரல்களை நீட்டினேன். இரண்டு காய் என்று நான் எண்ணினேன். இரண்டு கிலோ என்று அவர் நிறுத்தார். இருவரும் சிரித்துக்கொண்டோம். சந்தையில் நேரும் இத்தகைய பிழைக்கு நஷ்டம் சில ரூபாயோடு முடிந்துவிடுகிறது. ஆனால், அதே கையை நீட்டி அதே வகையில் பொருள் தவறும் மற்றோர் இடம் உண்டு. அது நாற்சந்தி. அங்கே கையை நீட்டுபவர் சைக்கிளில் செல்பவர். அதைப் படிப்பவர் மோட்டார் ஓட்டி. அங்கே பிழை நேர்ந்தால் சிரிப்பதற்கு ஒருவர் குறைந்துவிடக் கூடும்.

சைக்கிள் ஓட்டுபவர் காட்டும் கைச்சைகை எங்கிருந்து வந்தது, அதை ஒரு காலத்தில் யார் யார் அறிந்திருந்தனர், இன்று அறிவோர் ஏன் குறைந்தனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

சைக்கிளின் வரலாறு நேயர்கள் பலரும் அறிந்ததே. 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாய் அமைந்து, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் 'ரோவர்' வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சைக்கிள் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அக்காலத்துச் சாலை குதிரைகளுக்கும் காளைகளுக்கும் உரியது. வண்டிக்காரர் கையில் சாட்டை இருந்தது. இங்கிலாந்தில் கோச் வண்டி ஓட்டியவர்கள் அந்தச் சாட்டையையே தம் சைகைக் கருவியாக்கிக் கொண்டனர். சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றி, பிறகு ஒரு பக்கமாகச் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று பொருள். நிமிர்த்திப் பிடித்தால் நிற்கப் போகிறார் என்று பொருள். மோட்டார் யுகம் பிறந்து வெகு காலம் சென்ற பின்னும், அந்நாட்டுச் சாலை விதி நூலில் இந்தச் சாட்டைச் சைகைகளுக்கு இடம் இருந்தது. சாட்டை இல்லாத மோட்டாரோட்டிக்கும் சைக்கிளோட்டிக்கும் எஞ்சியது வெறுங்கை ஒன்றே.

அந்த வெறுங்கைக்கு இலக்கணம் எழுதப்பட்ட ஆண்டுகளில் முக்கியமானது 1931. பிரிட்டிஷ் அரசாங்கம் அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி 'ஹைவே கோட்' என்னும் சாலை விதிக் கையேட்டை ஒரு பென்னி விலைக்கு வெளியிட்டது. இருபத்தொரு பக்கங்களே கொண்ட அச்சிறு நூலில், மோட்டாரோட்டிகளும் போலீஸ்காரர்களும் காட்ட வேண்டிய கைச்சைகைகள் விளக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் புதுடில்லி நகரம் சம்பிரமமாகத் திறந்துவைக்கப்பட்டது. அகன்ற வீதிகளும், அவை கூடும் இடங்களில் வட்ட வட்டமான புல்வெளித் திடல்களுமாக அமைந்த நகரம் அது. இங்கு வாழும் தமிழர்கள்கூட அந்தச் சந்திகளை 'கோல் சக்கர்' என்றே சொல்லிப் பழகிவிட்டனர். சைகையின் இலக்கண நூலும், அந்த இலக்கணத்தைக் கடுமையாகச் சோதிக்கும் நகரமும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டது விநோதமான பொருத்தமே.

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கென 1914-இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 1939-இல் விரிவான மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. 1988-இல் இப்போதைய சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-இல் பிறந்த சாலை ஒழுங்குமுறைகள் ஓட்டுநரின் கைக்கு ஐந்து சைகைகளை வகுத்தன. வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க மேலும் கீழுமாகப் பலமுறை அசைத்தால், வேகம் குறைக்கிறேன் என்பது பொருள். முன்கையை நேரே மேல்நோக்கி உயர்த்தினால், நிற்கப் போகிறேன். உள்ளங்கை முன்நோக்க வலக்கையைக் கிடையாக நீட்டினால், வலப்புறம் திரும்புகிறேன். நீட்டிய வலக்கையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றினால், இடப்புறம் திரும்புகிறேன். நீட்டிய வலக்கையை முன்னும் பின்னுமாக அரைவட்டத்தில் வீசினால், பின்னால் வருபவர் என்னை முந்திச் செல்லலாம். 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் இவற்றின் இடத்தைப் பெற்றன. ஆயினும் இன்று நாற்பது வயதைக் கடந்த ஓட்டுநர் பலர் படித்துத் தேறிய பாடம் இந்த ஐந்துதான்.

இந்த ஐந்தையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஐந்துமே வலக்கையால் காட்டப்படுபவை. இடப்புறம் திரும்புவதற்குக்கூட வலக்கையே சுழல்கிறது. காரணம் எளியது. நம் நாட்டுக் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஜன்னலுக்கு வெளியே நீள்வதற்கு அவருக்கு வாய்த்தது அந்த ஒரு கைதான். வலப்பக்கமாகச் செல்லும் அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வதால், அங்கே இடக்கையே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. வலப்புறம் திரும்ப வேண்டுமானால் அவர்கள் இடக்கையை முழங்கையில் மடக்கி மேல்நோக்கிக் காட்டுவர். ஆக, இந்தச் சைகை மொழி பிறந்தது காரின் ஜன்னலோரத்தில். அதன் இலக்கணம் காரில் அமர்ந்திருப்பவரின் வசதியை ஒட்டியது.

சைக்கிளோட்டிக்கு ஜன்னல் இல்லை. அவருக்கு இரு கைகளும் வெளியிலேதான் இருக்கின்றன. இடப்புறம் திரும்ப வேண்டுமென்றால் இடக்கையை நீட்டுவது அவருக்கு இயல்பு, பார்ப்பவருக்கும் தெளிவு. வலக்கையை நீட்டிச் சுழற்றி இடப்புறம் திரும்புவது, கிழக்கே போகிறவர் மேற்கே கைகாட்டிச் செல்வது போலத்தான் அவருக்குத் தோன்றும். ஆகவே ஒரே சாலையில் இடப்புறத் திருப்பத்துக்கு இரண்டு சொற்கள் வழங்கத் தொடங்கின. கார்க்காரர் தம் சொல்லை மட்டும் படித்தவர். சைக்கிள்காரர் தம் சொல்லை எவரிடமும் படிக்காதவர்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மோட்டார் ஓட்டுபவர் அனுமதிச் சீட்டுப் பெறுவதற்குச் சாலைக் குறிகளையும் சைகைகளையும் பற்றிய தேர்வுக்கு உட்படுகிறார். சைக்கிளுக்கு அப்படியொரு தேர்வு ஒருபோதும் இருந்ததில்லை. அது கூடாது என்பதே என் அபிப்பிராயமும் ஆகும். ஏழையின் வாகனத்துக்குப் பரீட்சை வைப்பது தர்மமன்று. ஆனால் சர்க்காரும் நகரசபைகளும் சைக்கிளைக் கவனியாமல் விட்டுவிட்டனவா என்றால் அதுவும் இல்லை. நம் தமிழ்நாட்டு ஊர்களில் சைக்கிளுக்கு வரி கட்டி, நகரசபை தந்த தகட்டு வில்லையை வண்டியில் பொருத்திக்கொண்டு சென்றதை முதியோர் நினைவுகூர்வர். அந்தி சாய்ந்தபின் விளக்கில்லாமல் சென்றாலும், இருவராக ஏறிச் சென்றாலும் போலீஸ்காரர் பிடித்து நிறுத்தினார். வில்லையைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள், பின் இருக்கையைப் பார்த்தார்கள். கையை மட்டும் எவரும் பார்க்கவில்லை. கையை எப்போது, எவ்வளவு நேரம், எந்த உயரத்தில் நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதற்கும் ஒருவருமில்லை.

இருந்தும் ஒரு தலைமுறைக் காலம் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் சைக்கிள் நம் நாட்டிலேயே பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ, வங்காளத்தின் ஆஸன்ஸோலில் ஸென்-ராலே என்று தொழிற்சாலைகள் எழுந்தன. தலைநகரில் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும், கரோல் பாகிலிருந்தும் லோதி காலனியிலிருந்தும் காலை வேளையில் அணி அணியாகச் செக்ரடேரியட்டை நோக்கி மிதித்துச் சென்ற காட்சியை அக்காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களில் தமிழர்களும் கணிசமானோர். கால் சராயின் அடியில் கிளிப்பு, பின்னிருக்கையில் சோற்றுப் பாத்திரம், கைப்பிடியில் கோப்புப் பை. அன்று சாலையில் இருந்த மோட்டார்கள் சில. அவற்றை ஓட்டியவர்களும் தம் திருப்பங்களைக் கையாலேயே காட்டினர். கார்க்காரர் கை, லாரிக்காரர் கை, சைக்கிள்காரர் கை, சந்தியில் மேடைமேல் நின்ற போலீஸ்காரர் கை என எல்லாக் கைகளும் ஒரே மொழியின் கிளைகளைப் பேசின. உச்சரிப்பில் வேறுபாடு இருந்தாலும், கையைக் கண்டால் படிக்க வேண்டும் என்ற பழக்கம் எல்லோருக்கும் இருந்தது.

அந்தப் பழக்கத்தை அழித்தது இயந்திரம். கையின் வேலையை இயந்திரத்துக்குக் கொடுக்கும் முயற்சி மோட்டாரின் இளமைக் காலத்திலேயே தொடங்கியது. 1907-இல் பெர்சி டக்ளஸ்-ஹாமில்டன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை கோரி விண்ணப்பித்த ஒரு சாதனத்தில், திருப்பத்தைக் காட்டும் விளக்குகள் மனிதக் கையின் வடிவிலேயே அமைந்திருந்தன. பின்னர் ஐரோப்பியக் கார்களின் பக்கவாட்டிலிருந்து, ரயில் நிலையத்துக் கைகாட்டியைப் போலச் சிறியதொரு கரம் வெளியே எழும்பும் அமைப்பு வந்தது. மாரிஸ் மைனர் போன்ற கார்களில் அதைப் பார்த்தவர் இன்னும் இருப்பர். 1939-ஆம் ஆண்டு மாதிரி பியூக் கார் மின்னி மின்னி அணையும் விளக்கைக் கொண்டுவந்தது. படிப்படியாக உலகெங்கும் அந்த மின்னும் விளக்கே நிலைத்தது. 1975 மே மாதம் முதல் பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வின்போது கைச்சைகை செய்து காட்ட வேண்டிய அவசியம் நீங்கியது. நம் நாட்டிலும் காரின் ஜன்னல் கண்ணாடி மேலேறி, குளிர்சாதனம் உள்ளே வந்தபின், ஓட்டுநரின் கை முற்றாக உள்ளே போய்விட்டது. கை பேசுவது நின்று, அந்தக் கைக்குக் கைபேசி வந்து சேர்ந்திருக்கிறது.

இதன் விளைவு வருமாறு: சைகையைப் படித்துத் தேறியவர் அதைப் பயன்படுத்துவதில்லை, சைகையைப் பயன்படுத்துபவர் அதைப் படித்துத் தேறியவர் அல்லர். ஒரு மொழியைப் பேசுவோர் ஒருபுறமும், அதன் இலக்கணத்தை எப்போதோ மனப்பாடம் செய்து மறந்தோர் மறுபுறமுமாகச் சாலை பிரிந்து கிடக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இந்த நிலைமை நன்றாகவே விளங்கும். சொல் தவறாக இருப்பதால் நேரும் பிழையைவிட, இருவரும் வெவ்வேறு அகராதியை வைத்திருப்பதால் நேரும் பிழையே கொடிது. ஏனெனில், அங்கே இருவருமே தாம் சொன்னதும் புரிந்ததும் சரி என்று நம்பிவிடுகின்றனர்.

மேலும், நம் நாட்டில் நீட்டிய கைக்குச் சாலை விதிக்கு அப்பாற்பட்ட பொருள்கள் பல உண்டு. அனுபவத்தில் கண்டதொன்றைச் சொல்கிறேன். டில்லியில் சைக்கிள் வாங்கிய முதல் வாரம், விதி நூலில் படித்தபடி, வேகம் குறைப்பதற்கு அடையாளமாக வலக்கையை நீட்டி உள்ளங்கையை மேலும் கீழும் அசைத்தேன். உடனே ஓர் ஆட்டோ ரிக்ஷா என் பக்கத்தில் வந்து நின்றது. எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநர் மரியாதையாகக் கேட்டார். சைக்கிளின் மேல் அமர்ந்திருப்பவன் ஆட்டோவை எதற்கு அழைப்பான் என்று அவர் யோசிக்கவில்லை; நானும் அவரைக் குறை கூற மாட்டேன். பஸ்ஸையும் ஆட்டோவையும் நிறுத்துவதற்கு நாடு முழுவதும் மக்கள் காட்டும் சைகை அதுவேயன்றோ? அவ்வாறே, உள்ளங்கை தெரியக் கையை உயர்த்தினால் நில் என்றும் பொருள். சற்றுப் பொறு என்றும் பொருள். கோயிலில் மூர்த்தியின் கை அவ்வாறு இருந்தால் அஞ்சாதே என்றும் பொருள்.

நாட்டிய நூலார் இதை நம்மைவிட நன்கு உணர்ந்திருந்தனர். அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நூல், விரல்களை ஒட்டி நீட்டிய 'பதாகை' என்ற ஒரே கைக்குப் பல பிரயோகங்களை அடுக்குகிறது. மேகம், காடு, இரவு, ஆறு, குதிரை எல்லாம் அக்கையே. வேண்டாம் என விலக்குவதும் அக்கையே. அப்பட்டியலில் தெருவுக்குள் நுழைதல் என்பதும் ஒன்று என்று அறிந்தபோது வியப்புற்றேன். ஆயினும் சபையில் குழப்பம் நேர்வதில்லை. பாட்டின் சொல் முன்னே செல்கிறது. முகம் பாவத்தைக் காட்டுகிறது. கையைக் கண் பின்தொடர வேண்டும் என்று ஆசிரியர் கற்பிக்கிறார். பார்ப்பவரும் பயின்றவராக இருக்கிறார். சாலையில் பாட்டு இல்லை, சபை இல்லை. இரண்டு வினாடி நேரம் ஒரு கை மட்டும் இருக்கிறது.

அந்த இரண்டு வினாடி என்ன செய்யும் என்பதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் குடியிருப்பில் வாழ்ந்த பெரியவர் ஒருவர். நெல்லைச் சீமையிலிருந்து இளமையிலேயே வந்து, ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். ஸ்கூட்டர் வாங்க வசதி வந்தபின்னும் சைக்கிளை விடாதவர். தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அவர் அண்ணாச்சி. சாலை விதிகளில் அவருக்கு இருந்த நிஷ்டை எங்களுக்குள் கேலிப்பொருளாகவே இருந்தது. யாருமே இல்லாத தெருவில்கூட அவர் கையை நீட்டித்தான் திரும்புவார்.

ஒரு நாள் மாலை, கோல் சக்கர் ஒன்றில் வலப்புறம் செல்ல வேண்டி அவர் கையைக் கிடையாக நீட்டினார். பின்னால் வந்த காரோட்டி நடுவயதினர். குடித்தவரும் அல்லர், அவசரக்காரரும் அல்லர். நீட்டிய கை காற்றிலும் மிதிப்பிலும் சற்றே ஆடியிருக்கிறது. கிழவர் தம்மை முந்திச் செல்லும்படி வழிவிடுகிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். நன்றியாக ஒரு முறை ஹாரன் ஒலித்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். ஹாரனைக் கேட்ட அண்ணாச்சி, தம்மைக் கண்டுகொண்டார் என்று நம்பித் திரும்பினார். வலத்தோள் எலும்பு இரண்டாக முறிந்தது.

மருத்துவமனையில் அந்தக் காரோட்டி கண்ணீருடன் நின்றதை நான் பார்த்தேன். "அவர்தாம் போகச் சொன்னார்" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்பவரின் முகம் அன்று அது. அண்ணாச்சிக்கு நான் அதைத் தமிழில் எடுத்துரைத்தேன். அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, நான் கையைக் காட்டினேன், அவர் வழியைக் காட்டியதாக எண்ணிக்கொண்டார். இதில் யார் பேரில் கேஸ் போடுவது?" என்றார். எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கை அதன்பின் தோள் மட்டத்துக்கு மேல் எழவில்லை. சைக்கிள் மாடிப்படியின் கீழே சாத்தப்பட்டது. ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது அதை எனக்குக் கொடுத்துச் சென்றார்.

ஐந்து சைகைகளை வகுத்த பழைய விதியை அதன்பின் எடுத்துப் பார்த்தேன். வலப்புறம் திரும்புவதற்கும், முந்திச் செல்ல அனுமதிப்பதற்கும் தொடக்கம் ஒன்றே: வலக்கையைக் கிடையாக நீட்டுதல். அசையாமல் நின்றால் ஒரு பொருள், வீசினால் நேர் எதிரான பொருள். காரில் அமர்ந்தவர் முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டு இந்த வேறுபாட்டைக் காட்டிவிடலாம். மேடுபள்ளச் சாலையில் ஒற்றைக் கையால் வண்டியை நிலைநிறுத்துபவர் எப்படிக் காட்டுவார்? நெடுஞ்சாலையில் லாரிகளின் வலப்புற விளக்கு மின்னும்போதும் இதே ஐயம் எழுகிறதல்லவா? திரும்பப் போகிறாரா, முந்தச் சொல்கிறாரா என்று பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஊகம் செய்பவரும் இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறார். சைக்கிளில் இருப்பவருக்கு அந்தக் கூடு இல்லை.

சைகை காட்டுவதிலேயே ஓர் உள்ளார்ந்த இடர் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. நம் நாட்டுச் சைக்கிளில் வழக்கமாக வலக்கை பிடிப்பது முன்சக்கரப் பிரேக். இடக்கை பிடிப்பது பின்சக்கரப் பிரேக். வலக்கையை நீட்டும்போது, நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கை ஒருவர் கைவிடுகிறார். பால் பாத்திரங்களையோ எரிவாயு உருளைகளையோ கட்டித் தொங்கவிட்டுச் செல்பவரும், மும்பையில் சோற்று டப்பாக்களைச் சுமந்து செல்பவரும் கையை எடுக்கவே இயலாது. அவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பது ஒன்றே அவர்களுடைய சைகை. இருட்டிய பின்போ நீட்டிய கையும் நீட்டாத கையும் ஒன்றே.

இத்துறையை ஆராய்ந்தவர்களின் முடிவும் எண்ணிப் பார்க்கத்தக்கது. இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாக்கர் என்னும் உளவியலாளர், சந்திகளில் சைக்கிளோட்டிகள் காட்டும் சைகைகளை ஓட்டுநர்கள் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்று சோதித்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சைகை செய்தியைத் தருகிறது. ஆனால் அதைக் கண்ட ஓட்டுநர் முடிவெடுக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் கண்டது. ஓட்டுநரின் பார்வை சைக்கிளோட்டியின் முகத்தையே முதலில் நாடுகிறது என்பதும் அவருடைய பிந்திய ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. கையை மட்டும் காட்டிவிட்டு முகத்தைக் காட்டாதவர் பாதிச் செய்தியைத்தான் அனுப்புகிறார் என்று இதிலிருந்து நாம் கொள்ளலாம்.

சைக்கிள் மிகுந்த நாடுகள் இதற்கு என்ன செய்தன? டென்மார்க்கில் திரும்புவதற்குக் கையை நீட்டுவதும், நிற்பதற்கு முன்கையை உயர்த்துவதும் சட்டம். ஆனால் கையை மட்டும் அவர்கள் நம்பி இருக்கவில்லை. வாகனங்களுக்கு நடுவே புகுந்து எதிர்ப்புறம் திரும்பும் வேலையையே சைக்கிளோட்டிக்கு அவர்கள் வைக்கவில்லை. அவர் முதலில் நேரே சந்தியைக் கடந்து மறுகோடியில் நிற்க வேண்டும்; பிறகு அங்கிருந்து புதிய திசையில் செல்ல வேண்டும். நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளியை முடிக்கும் பருவத்தில் சிறுவர் சிறுமியருக்குச் சாலை விதித் தேர்வு நடத்துகின்றனர். சைக்கிள் ஓட்டிக் காட்டுவதும் அதில் அடங்கும். அந்தப் பிள்ளைகளே பிற்காலத்தில் கார் ஓட்டுகின்றனர். அங்கே கையைக் காட்டுபவரும் கையைப் படிப்பவரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். அதுதான் மர்மம்.

நம் நாட்டின் நிலை இதற்கு மாறானது. சைக்கிள் நம்மிடம் அருகிவிடவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் பாதிக் குடும்பங்களில் சைக்கிள் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் நூற்றுக்கு எழுபத்தெட்டுக்கு மேல். அதே மாநிலத்தின் தலைநகரான கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றவர் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர். நாலாயிரம் என்பது ஒரு பெரிய கிராமம். ஆண்டுதோறும் அப்படியொரு கிராமம் காலியாகிறது என்றால், இது சைகையைப் பற்றிய சிறு விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் அனைவரும் சைகை புரியாமையால் மாண்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. சாலை அமைப்பு, வேகம், இருட்டு எனக் காரணங்கள் பல. ஆனால் புரியாமையும் அவற்றில் ஒன்று; அதுவும் செலவின்றித் தீர்க்கக் கூடிய ஒன்று.

தமிழகத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம், கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. எழுத்தும் சக்கரமும் சேர்ந்தே ஒருவரை விடுவிக்கும் என்று உணர்ந்த செயல் அது. அதே எண்ணத்தை இன்னும் ஓரடி நீட்டினால், சாலையில் கையை எழுதவும் படிக்கவும் கற்பிப்பதும் எழுத்தறிவே ஆகும். பல மாநில அரசுகள் இன்று பள்ளி மாணவர்க்குச் சைக்கிளை இலவசமாக வழங்குகின்றன. வண்டியைக் கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தப் பாடத்தையும் கொடுத்தால் போதும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? சைக்கிளில் செல்லும் நேயர்களுக்கு அண்ணாச்சியின் அனுபவத்திலிருந்து நான் கற்றவற்றைக் கூறுகிறேன். திரும்பும் இடத்தில் கையை நீட்டாமல், அதற்கு வெகு முன்னரே நீட்டுங்கள். நீட்டிய கையை அசைக்காமல் உறுதியாக வையுங்கள். கையை இறக்கி இரு கைகளாலும் வண்டியைப் பற்றிய பிறகே திரும்புங்கள். அதற்கு முன் ஒரு முறை தலையைத் திருப்பிப் பின்னால் வருபவரின் முகத்தைப் பாருங்கள். அவர் வேகம் குறைந்ததா என்று பாருங்கள். ஹாரன் ஒலியைச் சம்மதம் என்று கொள்ளாதீர்கள். ஐயம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

மோட்டார் ஓட்டும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. எங்கள் அலுவலகத்தில் மூலத்தில் ஒரு சொல் இரு பொருள் படுமானால், நாங்கள் எங்களுக்குச் சௌகரியமான பொருளை எடுத்துக்கொள்வதில்லை. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, எழுதியவரைக் கேட்கிறோம். சாலையில் கேட்க முடியாது. ஆனால் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்க முடியும். முன்னே ஒரு கை நீண்டால், அதன் பொருள் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் வேகத்தைக் குறையுங்கள். அந்தக் கை வலப்புறம் என்று சொன்னாலும், இடப்புறம் என்று சொன்னாலும், வழி விடுகிறேன் என்றே சொன்னாலும், அதற்குத் தவறாத மொழிபெயர்ப்பு அது ஒன்றே.

அண்ணாச்சி கொடுத்த சைக்கிளில்தான் இன்றும் நான் அலுவலகம் செல்கிறேன். யாருமில்லாத தெருவிலும் கையை நீட்டித்தான் திரும்புகிறேன். எங்கள் குடியிருப்பில் இப்போது என்னைக் கேலி செய்கிறார்கள்.